பழசு கொடுக்க வருபவர்களும் பழசு வாங்க வருபவர்களும்: குன்னூர் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் மேட்டுத் தெரு ஒன்றில் ஒரு சின்னக் கடை இருக்கிறது. வீடுகளில் உபயோகித்து மிச்சமான, ஆனால் நல்ல நிலையில் இருக்கும் துணி, பாத்திரம், புத்தகம், செருப்பு எல்லாவற்றையும் அங்கே கொண்டுவந்து சும்மா கொடுப்பார்கள். பிரித்து, சுத்தம் பண்ணி, குறைந்த விலைக்கு விற்போம். கடைச் செலவு போக நிற்கும் பணம் எஸ்டேட் லைன் வீட்டு (தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள்) பிள்ளைகளின் படிப்புக்கும், மருந்து வாங்க முடியாத வயதானவர்களுக்கும் போகிறது. நான் முதலில் அங்கே ஸ்வெட்டர் வாங்கப் போனவள். பிறகு கொடுக்கவும் ஆரம்பித்தேன். இப்போது வாரத்தில் இரண்டு நாள் துணி பிரிக்கும் மேஜையில் நிற்கிறேன். மூன்று பக்கமும் இருந்து பார்த்ததால், வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

இது பழைய பேப்பர் கடை மாதிரியா, இல்லை ஊட்டியில் திபெத்தியர்கள் போடும் ஸ்வெட்டர் கடை மாதிரியா?

இரண்டும் இல்லை. பழைய பேப்பர் கடையில் எடை போட்டு உங்களுக்குக் காசு தருவார்கள், இங்கே தரமாட்டோம். திபெத்தியர் கடைகளில் இருப்பது புதுச் சரக்கு. திருப்பூரிலிருந்து வரும் எக்ஸ்போர்ட் மிச்சமும் புதுசுதான், யாரும் உடுத்தியதில்லை. எங்களிடம் இருப்பது எல்லாமே ஒரு வீட்டில் புழங்கிய பொருள்.

யோசனை புதிதல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார் 1902-இல் வசதியான வீடுகளில் போய்ப் பழைய துணியும் சாமானும் சேகரித்து, வேலை இல்லாதவர்களைக் கொண்டு அவற்றைச் சரிபார்த்து விற்க ஆரம்பித்தார். அதுதான் குட்வில் என்ற பெரிய அமைப்பாக வளர்ந்தது. இங்கிலாந்தில் ஆக்ஸ்பாம் 1940களின் கடைசியில் ஆக்ஸ்போர்டில் இப்படி ஒரு கடை திறந்தது. நம் பக்கம் இதற்குக் கடை என்று பெயர் வைக்கவில்லையே தவிர, அண்ணன் சட்டை தம்பிக்கு, அக்கா பாவாடை தங்கைக்கு, அப்புறம் சித்தி மகளுக்கு என்று போய்க்கொண்டுதானே இருந்தது.

உங்களுக்குச் சும்மா வந்ததை ஏழைகளுக்கும் சும்மாவே கொடுத்தால் என்ன? காசு வாங்குவது சரியா?

அதிகம் பேர் கோபமாகக் கேட்பது இதைத்தான். நானும் முதலில் கேட்டேன். என் மனதை மாற்றியது ஒரு சனிக்கிழமை. கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் சம்பளம் வாங்கிய கையோடு வந்தார். ஆம்பளைச் சட்டைகள் தொங்கும் கம்பியில் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார், கைமடிப்பு தேய்ந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார், அக்குள் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், இரண்டை ஒதுக்கினார், மூன்றாவதில் ஒரு பட்டன் இல்லை என்று ஐந்து ரூபாய் குறைக்கச் சொன்னார். குறைத்தோம். முப்பது ரூபாய் எண்ணி வைத்துவிட்டு, பையில் மடித்து வைத்துக்கொண்டு போனார். அன்று பிடிக்கவில்லை என்று அவர் திருப்பித் தொங்கவிட்ட அந்த இரண்டு சட்டைகளைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சும்மா கொடுத்திருந்தால் எது கையில் வந்ததோ அதை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பார். விலை கொடுக்கிறவருக்கு மட்டும்தான் வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்கிறது.

கையில் ஒன்றுமே இல்லாமல் வருகிறவர்களும் உண்டு, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்த வீட்டார், தீப்பிடித்த வீட்டார். அவர்களிடம் யாரும் காசு கேட்பதில்லை, அது கல்லாப்பெட்டிக்கு வெளியே தனியாக நடக்கும் விஷயம்.

அடுத்தவர் உடுத்தியதை உடுத்தினால் அவர்கள் பீடை நம்மேல் ஒட்டும் என்கிறார்களே? இறந்தவர் துணி என்றால்?

பெரியவர்கள் நம்பிக்கையை நான் எதிர்த்துப் பேசுவதில்லை, யாரையும் வற்புறுத்துவதும் இல்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் பிறந்த குழந்தைக்கு முதலில் எதைச் சுற்றினோம்? தாத்தாவின் பழைய வேட்டி, பாட்டியின் நைந்த நூல் சேலை. புதுத்துணி குழந்தைக்கு ஆகாது, உறுத்தும் என்று சொல்லி, நன்றாக இருக்கும் இன்னொரு குழந்தை போட்ட சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்ட வீடுகள் எத்தனை! பழைய துணியில் ஒட்டியிருப்பது பீடை மட்டும்தான் என்றால் அந்தப் பச்சைக் குழந்தைக்கு அதைச் சுற்றியிருப்போமா?

இறந்தவர் துணி வரும். மறைக்க மாட்டோம், கேட்டால் தெரிந்தவரை சொல்வோம். கொடுக்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அவசரப்படாதீர்கள். காரியம் முடிந்த மறுநாளே பீரோவைக் காலி பண்ணிக்கொண்டு வந்தவர்கள், இரண்டு மாதம் கழித்து அந்தச் சாம்பல் நிறக் கோட் இன்னும் இருக்கிறதா என்று கேட்டு வந்திருக்கிறார்கள். இருக்காது. துக்கம் ஆறி, வருஷம் திரும்பி, கை நடுங்காமல் எடுத்துக் கொடுக்க முடிகிறபோது கொடுங்கள். அதுவரை பீரோவில் இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

எதைக் கொண்டுவந்தால் உண்மையிலேயே உபயோகமாக இருக்கும்?

ஆண்களின் முழுக்கைச் சட்டை. இதைச் சொன்னால் பலருக்கு ஆச்சரியம். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்கள் சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டு, இடுப்பில் படங்கு என்ற முரட்டு விரிப்பைக் கட்டிக்கொண்டுதான் இறங்குவார்கள். செடி கையைக் கிழிக்கும், வெயிலும் பனியும் வேறு. ஒரு சட்டை சில மாதங்களில் நைந்துவிடும். அதனால் ஆபீஸ் போகிற ஆண்கள் காலர் வெளுத்துவிட்டது என்று ஒதுக்கும் கெட்டிப் பருத்திச் சட்டைக்கு இங்கே எப்போதும் ஆள் காத்திருக்கிறது. காலர் வெளுத்தால் பரவாயில்லை, கை முழுசாக இருக்க வேண்டும்.

அதற்கு அடுத்து போர்வை, பஞ்சு வைத்த ரஜாய், ரெயின்கோட், கம்பி உடையாத குடை, மழை பூட்ஸ், பள்ளிக்கூடக் கறுப்பு ஷூ. ஜார்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் தோட்ட வேலைக்கு வந்திருக்கும் குடும்பங்கள் மார்கழிக் குளிர் எப்படி இருக்கும் என்று தெரியாமல் ஒரு பையோடு வந்து இறங்குகிறார்கள். முதல் மாதமே போர்வை தேடி வருவார்கள். நவம்பருக்குள் கம்பளி கொடுத்தால் அது சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் போகும்.

எதைக் கொண்டுவர வேண்டாம்?

உள்ளாடை, தலையணை, மெத்தை, ஹெல்மெட், காலாவதியான மருந்து, ஒயர் வெளியே தெரியும் ரூம் ஹீட்டர். ஹெல்மெட் ஒரு தடவை விழுந்திருந்தால் உள்ளே விரிசல் விட்டிருக்கும், வெளியே தெரியாது, வாங்குகிறவர் தலையை அதை நம்பி விடுவார். குக்கர் கொடுக்கலாம், ஆனால் கேஸ்கட் போயிருந்தால் சொல்லிவிடுங்கள்.

கிழிந்தது வேண்டவே வேண்டாம். "இல்லாதவங்களுக்கு இதுவே பெரிசு" என்று சொல்லிக்கொண்டு யாராவது பையை நீட்டும்போது எனக்கு நெஞ்சு வலிக்கும். கந்தலானாலும் கசக்கிக் கட்டு என்று சொன்னது கட்டுகிறவருக்கு. தன் கந்தலை அடுத்தவர் கட்டட்டும் என்று அதில் யாரும் சொல்லவில்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் நிலச்சரிவு வந்து நாற்பதுக்கும் மேல் உயிர் போனபோது, உதவி என்று வந்த துணி மூட்டைகளை நான் பார்த்தேன். நல்ல துணி நிறைய வந்தது, உண்மை. அதோடு பாதி ஜிப் இல்லாத பேண்ட்டும், ஒற்றைச் செருப்பும், ஜாக்கெட் இல்லாத கல்யாண டிசைனர் சேலையும் மழையில் நனைந்து ரோட்டோரம் கிடந்தன. வீடு போனவர்கள் அதில் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள். கொடுக்கும் முன் ஒரு கேள்வி போதும்: இதை என் சொந்தத் தங்கைக்குக் கொடுப்பேனா?

துவைத்துத்தான் கொடுக்க வேண்டுமா? நீங்களே துவைத்துக்கொள்ள மாட்டீர்களா?

துவைத்து, முக்கியமாக நன்றாகக் காயவைத்து. இந்த ஊரில் துவைப்பது பெரிய வேலையே இல்லை, காயவைப்பதுதான் வேலை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு மழையில் ஒரு ஜீன்ஸ் பேண்ட் காய நாலு நாள் ஆகிறது என்று இங்கே குடியிருக்கும் எல்லாருக்கும் தெரியும். எங்களிடம் இருப்பது ஒரு கொடியும் ஒரு சின்ன அறையும்தான்.

போன வருஷம் மழை நாளில் ஒரு பெரிய பை வந்தது. மேலே அழகான ஒரு பச்சைக் கம்பளிக் கோட். பையைத் திறந்ததும் ஈரமண் வாடை. கோட்டைத் தூக்கினால் கீழே இருந்த குழந்தைத் துணி எல்லாவற்றிலும் மிளகு தூவியது மாதிரி கறுப்புப் புள்ளி, தோல் ஜாக்கெட்டின் முதுகில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்து, தொட்டால் விரலில் மாவு. ஒரே ஒரு துணி ஈரமாக உள்ளே போயிருக்கிறது, மற்ற இருபதையும் அது கெடுத்துவிட்டது. கொடுத்தவர் நல்ல மனதோடுதான் கொடுத்தார், ஒரு மாதம் முன்பே கட்டி வைத்திருந்தாராம். கட்டி வைக்காதீர்கள், மழைக்காலத்தில் கட்டிய அன்றே கொண்டுவாருங்கள்.

பழைய பட்டுப்புடவை எடுத்துக்கொள்வீர்களா?

எடுத்துக்கொள்வோம், ஆனால் கொடுப்பதற்கு முன் ஜரிகையைப் பாருங்கள். அந்தக் காலத்து நல்ல ஜரிகை வெள்ளிக் கம்பியில் தங்க முலாம் பூசியது, சேலை நைந்தாலும் ஜரிகைக்கு மதிப்பு உண்டு. அதைப் பழைய பட்டு வாங்குகிறவரிடம் விற்றுப் பணமாகக் கொடுத்தாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான், நீங்களே வைத்துக்கொண்டாலும் சரிதான். தெரியாமல் கொடுத்துவிட்டோமே என்று பிறகு யாரும் வருத்தப்படக் கூடாது.

அதே மாதிரி தோடர் எம்பிராய்டரி. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூலை எண்ணி எண்ணிக் கையால் போட்ட வேலை, 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படி ஒரு சால்வை வந்தால் சாதாரண சால்வையோடு சேர்த்து ஐம்பது ரூபாய்க்குப் போட மாட்டோம். அதன் விலை அதைப் போட்ட கைக்கு மரியாதை.

பேர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் இதில் ஒரு கதை இருக்கிறது, அதனால்தான் கடையில் ஒரு வழக்கம் வந்தது.

ஒரு தடவை நாலு மூட்டைப் பாத்திரம் வந்தது, வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு கோயம்புத்தூர் போகிறவர்கள். அதில் ஒரு சொம்பு. கழுத்துப் பக்கம் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து, "அக்காள் அன்பளிப்பு", கீழே 1978 என்று வருஷம். எட்டை வெட்டும்போது கை நழுவி ஒரு கோடு நீளமாக இழுத்திருந்தது. நாற்பது ரூபாய்க்கு அதை லைன் வீட்டு அம்மா ஒருவர் வாங்கிப் போனார். இரண்டு வாரம் கழித்துக் கொடுத்த வீட்டுப் பெண் பஸ் பிடித்து வந்துவிட்டார். அவருடைய அம்மாவுக்குப் பெரியம்மா கல்யாணத்துக்குக் கொடுத்ததாம், மூட்டையில் தவறிப் போய்விட்டது. வாங்கியவர் யார் என்று எங்களுக்குத் தெரியும், தயங்கித் தயங்கித்தான் சொல்லி அனுப்பினோம். விற்ற பொருளைத் திருப்பிக் கேட்பது நியாயமில்லையே. அவரோ மறுநாளே சொம்பைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து வைத்தார். "எனக்குத் தண்ணி மோக்க ஒரு சொம்பு வேணும், எந்தச் சொம்பா இருந்தா என்ன" என்று அலமாரியில் இன்னொன்றை எடுத்துக்கொண்டு போனார். அதிலிருந்து பேர் வெட்டிய பாத்திரம் எதுவாக இருந்தாலும் ஒரு மாதம் உள் அறையில் வைத்திருந்துதான் வெளியே வைக்கிறோம்.

ஸ்வெட்டர் உண்மையான கம்பளியா, அக்ரிலிக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

லேபிள் இருந்தால் படியுங்கள். இல்லையென்றால் உள் தையலில் தொங்கும் ஒரு நூலை வெட்டி, வீட்டுக்குப் போய் இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பலை நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, கறுப்பாகக் கெட்டி மணி மாதிரி நிற்கும். இரண்டுமே குளிருக்கு ஆகும், ஆனால் அக்ரிலிக்கைப் போட்டுக்கொண்டு அடுப்புப் பக்கமோ கணப்புப் பக்கமோ உட்காராதீர்கள்.

கம்பளியை வாங்கிப் போய் வெந்நீரில் ஊறவைத்து, குழந்தை சைஸுக்குச் சுருங்கிவிட்டது என்று வந்தவர்கள் நிறைய. வெதுவெதுப்பான நீர், பூந்திக்கொட்டைத் தண்ணீர் அல்லது கொஞ்சம் ஷாம்பு, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, தட்டையாகப் பரப்பிக் காயவைக்க வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் நீண்டு தொங்கும்.

மூட்டைப்பூச்சி, அந்துப்பூச்சி வந்துவிடாதா?

நாங்கள் தையல் மடிப்பு எல்லாம் பார்த்துத்தான் வைக்கிறோம். ஆனாலும் வீட்டுக்குக் கொண்டுபோனதும் பருத்தித் துணியை நல்ல கொதிநீரில் போட்டு எடுங்கள். கம்பளிக்கு அது ஆகாது. அதைப் பையில் இறுக்கிக் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் அந்து முட்டை செத்துவிடும்.

நல்ல சரக்கு எந்த மாதம் வரும்?

ஏப்ரல். இங்கே பக்கத்திலிருக்கும் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜில் ராணுவ அதிகாரிகளுக்கு ஜூனில் ஆரம்பிக்கும் படிப்பு ஏப்ரலில் முடிகிறது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே நேரத்தில் சாமான் கட்டும். சென்னைக்கு மாற்றலாகிப் போகிறவர் ரஜாயை எதற்குத் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்? குழந்தை சைக்கிள், புத்தகம், திரைச்சீலை, புத்தம்புது மாதிரி கோட் எல்லாம் அப்போதுதான் வரும். பள்ளிக்கூட வருஷம் முடிகிற நேரமும் அதுதான், பிளேசரும் ஷூவும் வரும்.

போகிக்கு முன்னால் ஒரு அலை. பழையன கழிதல் என்று எரிப்பதை விட்டுவிட்டு இங்கே கொண்டுவரும் வீடுகள் வருஷா வருஷம் கூடுகின்றன, அதைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது.

நாங்கள் இரண்டு நாள் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். எங்களுக்கும் விற்பீர்களா?

தாராளமாக. பருத்திச் சட்டையோடு வந்து சாயங்காலம் ஆறு மணிக்கு நடுங்கிக்கொண்டு நிற்கும் குழந்தைகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும். நூறு ரூபாய்க்கு ஸ்வெட்டர் வாங்கிப் போட்டுக்கொண்டு, மேட்டுப்பாளையம் இறங்குகிற அன்று காலையில் அதையே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிற குடும்பங்கள் உண்டு. ஒரே ஸ்வெட்டர் ஒரு சீசனில் மூன்று பிள்ளைகளை ஊர் சுற்றிக் காட்டியிருக்கிறது. துணிப்பை கொண்டுவாருங்கள், பிளாஸ்டிக் கேரி பேக் இந்த மாவட்டத்தில் கிடையாது.

நான் கொடுத்ததை ஒருவர் போட்டிருப்பதைப் பார்த்தேன். சொல்லலாமா?

தயவுசெய்து சொல்லாதீர்கள். "இது என் பொண்ணு பிளேசர்தானே" என்று பஸ் ஸ்டாண்டில் ஒருவர் ஆசையாகத்தான் கேட்டார், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்தப் பிள்ளை மறுநாளிலிருந்து குளிரில் பிளேசர் இல்லாமல் பள்ளிக்கூடம் போனாள். அவள் அம்மா அதைத் திரும்பக் கொண்டுவந்து கடையில் வைத்துவிட்டுப் போனார். அவர்கள் அதைக் காசு கொடுத்து வாங்கியவர்கள். அது அந்தப் பிள்ளையின் பிளேசர்.

பாக்கெட்டில் பணம், நகை கிடைத்தால்?

கொடுத்தவர் பேரும் போன் நம்பரும் நோட்டில் எழுதிக்கொள்வது இதற்காகத்தான். கோட் பாக்கெட்டில் மோதிரமும், புத்தகத்துக்குள் பழைய கடிதமும் கிடைத்திருக்கின்றன, திருப்பிக் கொடுத்திருக்கிறோம். கடிதத்தை நாங்கள் படிப்பதில்லை.

வேறு ஒரு இடத்தில் கொடுக்கப் போனபோது அவமானப்படுத்திவிட்டார்கள். இங்கேயும் அப்படியா?

எனக்கும் அது நடந்தது. கீழே சமவெளியில் ஒரு இடத்துக்கு மாமியாரின் துணிகளைத் துவைத்து இஸ்திரி போட்டு எடுத்துப் போனேன். வாசலிலேயே தரையில் கொட்டிக் காலால் தள்ளிப் பிரித்தார்கள். வீடு வந்து சேரும்வரை அழுதேன். அதனால் எங்கள் மேஜையில் ஒரு விதி, கொடுத்தவர் முன்னால் பையைக் கொட்டக் கூடாது. வாங்கி வைத்து, நன்றி சொல்லி, அவர்கள் போன பிறகுதான் பிரிப்போம். கேட்டுத் திரும்ப வாங்கிக்கொள்கிறவர்களுக்கு, ஆகாததை மறு வாரம் எடுத்து வைத்திருப்போம்.

பேரம் பேசலாமா?

குறை இருந்தால் காட்டிப் பேசுங்கள். குறை இல்லாத இருபது ரூபாய்ச் சட்டையைப் பத்துக்குக் கேட்காதீர்கள், காரில் வந்து கேட்பவர்களிடம்தான் இதைச் சொல்கிறேன்.

வருமான வரிக்கு 80ஜி ரசீது கிடைக்குமா?

பொருளுக்குக் கிடையாது. அந்தப் பிரிவில் பணமாகக் கொடுக்கும் நன்கொடைக்குத்தான் கழிவு, அதிலும் ரொக்கம் என்றால் 2000 ரூபாய்க்கு மேல் செல்லாது.

விற்காதது எங்கே போகிறது?

மூன்று மாதம் தொங்கியும் போகாத பருத்தி, ஒர்க்‌ஷாப்புகளுக்குத் துடைக்கும் துணியாகப் போகும். நல்ல சேலைகளை ஒட்டுப் போட்டுத் தைத்து மெத்தைவிரிப்பு ஆக்கும் பெண்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஓட்டைக் கம்பளிகள் பழந்துணி வியாபாரி கைக்குப் போகும். இப்படி நாடு முழுவதும் சேரும் பழைய கம்பளியை ஹரியானாவில் பானிபட்டில் பிய்த்து, மறுபடி நூலாக்கி, மலிவுப் போர்வை நெய்கிறார்கள். வெள்ள நிவாரணத்துக்குக் கொடுக்கும் சாம்பல் நிறச் சொரசொரப்புப் போர்வைகளில் பல அப்படி வந்தவைதான்.

கடை மூடியிருந்தால் வாசலில் வைத்துவிட்டுப் போகலாமா?

வேண்டாம். மழை ஒரு பக்கம். குரங்குகள் இன்னொரு பக்கம், பை என்றால் உள்ளே சாப்பாடு என்றுதான் நினைக்கும். ராத்திரியில் காட்டெருமையும் கரடியும் இந்தத் தெருவழியாகவே நடக்கும், துணி மூட்டையைக் குனிந்து வைத்துக்கொண்டிருக்கிற நேரத்தில் நீங்கள் எதிரே நிற்பது நல்லதில்லை. கடைக்குக் கீழே டீக்கடை அக்கா சாயங்காலம் ஏழரை வரை இருப்பார். அவரிடம் கொடுத்து உங்கள் பேரைச் சொல்லிவிட்டுப் போங்கள், காலையில் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.